மூன்றாவது குரல்

மூன்று சைக்கிள்களையும் பிக்கப் வண்டியின் பின்தட்டில் ஏற்றி, ஒன்றோடொன்று உரசாமல் நடுவில் சாக்கை மடித்து வைத்துக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தபோது அஜேஷுக்கு அந்தச் சத்தம் கேட்டது. சைக்கிளை மிதிக்காமல் உருட்டிக்கொண்டு வரும்போது பின்சக்கரத்துக்குள்ளிருந்து எழும் டிக் டிக். எல்லா சைக்கிளுக்கும் உள்ளதுதான். ஆனால் இது கொஞ்சம் உரக்க, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு டிக் விட்டுப்போய், கால் ஊனமானவர் நடப்பதுபோலக் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே அவனுக்குத் தெரிந்துவிட்டது. போட்ட முடிச்சை அவிழ்த்து மறுபடியும் போட்டான்.

“எலே அஜேஷே, எத்தன தடவடே கெட்டுவ? அது என்ன பசுமாடா, அத்துக்கிட்டு ஓட?” என்றார் டிரைவர் சீட்டிலிருந்து பொன்னுதாஸ் அண்ணன்.

அமரவிளையில் அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. டிசம்பர் என்பதால் பாதி வீடுகளின் முகப்பில் காகித நட்சத்திரங்கள் தொங்கின. இரவெல்லாம் எரிந்த விளக்கை யாரும் அணைத்திருக்கவில்லை. அந்த வெளிச்சத்தைத் தாண்டி பிரசீதா வந்தாள். சுடிதாருக்குக் கீழே கான்வாஸ் ஷூ, தோளில் ஒரு துணிப்பை, கையில் தம்பி அனூஜின் சைக்கிள். ஒரு வருஷம் விறகுப்புரையில் கிடந்ததைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய்கூட இட்டிருந்தாள். சட்டத்தில் அவன் ஒட்டிவைத்த மஞ்சள் ஸ்டிக்கர் பாதி உரிந்திருந்தது.

“சேச்சியும் வாறாங்க,” என்றான் ஷாஜி, அஜேஷின் முகத்தைப் பார்க்காமல். “ஒன்கிட்ட நான் சொல்லல்ல. சொன்னா நீ வரமாட்ட.”

அது உண்மை. அஜேஷ் சைக்கிளை வாங்கி ஏற்றினான். அதற்குச் சாக்கு மிச்சமில்லை. தன் சட்டைக்கு மேல் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றி நடுவில் வைத்துக் கட்டினான்.

போன வருஷமும் இதே நாள்தான். உதியன்குளங்கரையில் சைக்கிள் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஷாஜி போட்ட திட்டம். மழை ஓய்ந்து, வெயில் ஏறாத மார்கழியில் மூன்று நாள் தெற்கே போவது. வண்டியில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு போய், நல்ல மண்பாதை கண்ட இடத்தில் இறக்கி ஓட்டுவது. பொன்னுதாஸ் அண்ணன் வண்டியோடு மறுமுனையில் காத்திருப்பார். முதல் நாள் பாறசாலைக்குப் பின்னால் எல்லையை நோக்கிப் போகும் கால்வாய்க் கரை. இரண்டாம் நாள் ஆரல்வாய்மொழிக் காற்றாடிகளுக்கு அடியில். மூன்றாம் நாள் உப்பளத்து வரப்புகள் வழியே கடல். நான்கு பேர் புறப்பட்டார்கள்: ஷாஜி, அவனோடு எப்போதும் ஒட்டிக்கொண்டு திரியும் சித்தப்பா மகன் ஆதித்யன், அனூஜ், அஜேஷ். முதல் நாள் காலை பத்து மணியைத் தாண்டி அந்தத் திட்டம் போகவில்லை.

கால்வாய்க் கரை ஒற்றையடிப் பாதை. ஒருபக்கம் கால்வாய், மறுபக்கம் ரப்பரும் வாழையும், நூறடிக்கு ஒரு வளைவு. முன்னால் போகிறவன் திரும்பிப் பார்த்தால் தண்ணீரில் இருப்பான். அதனால் ஷாஜி ஒரு வழக்கம் வைத்திருந்தான். பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை அவன் “ஒண்ணு” என்று கூவுவான். அடுத்தவன் “ரெண்டு”. இப்படிக் கடைசிவரை. எண் விட்டுப்போனால் எல்லோரும் நிற்க வேண்டும். கடைசியில் வருகிறவன் எக்காரணத்தைக் கொண்டும் தனக்கு முன்னால் இருப்பவனைத் தாண்டக்கூடாது. அனூஜ் மூன்று. அஜேஷ் நான்கு.

வண்டி நகர்ந்தது. பின்தட்டில் சைக்கிள்களோடு அஜேஷ் உட்கார்ந்துகொண்டான். மடியில் பை, பைக்குள் நோட்டு. சாயங்கால டிப்ளமோ வகுப்பில் சேர்ந்த முதல் வாரம், எழுத்து பழக தினமும் அரைப்பக்கம் எழுதுங்கள் என்று ஒரு வாத்தியார் சொன்னார். எழுபது பேரில் அதைக் கேட்டு நடந்தவன் அவன் ஒருவன்தான். எத்தனை மணிக்கு எழுந்தான், டைல்ஸ் கடையில் எத்தனை பெட்டி இறக்கினான், எந்த பஸ்ஸில் வகுப்புக்குப் போனான். எழுதி முடித்ததும் ஒருமுறை வாசிப்பான். பிறகு கீழே, ‘இது சரிதானா?’ என்று சின்னதாக எழுதுவான். அவனுக்கே அது சிரிப்பாக இருக்கும். ஆனாலும் எழுதுவான். போன வருஷத்து அந்த நாளின் பக்கமும் நோட்டில் இருந்தது. பாதை முடிந்த இடத்தில், அனூஜ் வந்து சேரட்டும் என்று காத்திருந்தபோது, வண்டியின் டயரில் சாய்ந்துகொண்டு எழுதியது. 9.15, நாலு பேர். 9.25, நாலு பேர். 9.40, நாலு பேர். அதற்குக் கீழே அன்றைக்கு அவன் வேறொன்றும் எழுதவில்லை. அந்தத் தாளைக் கிழிக்கப் பலமுறை நினைத்ததுண்டு. நடுத்தையல் போட்ட நோட்டு. ஒரு தாளைக் கிழித்தால் மறுபக்கத்துத் தாளும் ஆடி வந்துவிடும்.

உதியன்குளங்கரையில் சாயா குடிக்க நிறுத்தினார்கள். பிரசீதா பாறசாலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சூடான கிளாஸை துப்பட்டா நுனியால் பிடித்துக்கொண்டு, போர்டில் கணக்கு போடுகிற நிதானத்தில் பேசினாள்.

“அம்ம ஆண்டுபலி இட விடல்ல. கேட்டேளா? போன செவ்வாய்க்கெழம திதி. அப்பா எள்ளும் தர்ப்பையும் எல்லாம் வாங்கி வச்சாச்சு. அம்ம எல்லாத்தயும் எடுத்துத் தென்னமூட்டுல கொட்டிட்டா. விளிச்சா பதில் சொல்லுகவனுக்கு எதுக்கு பலின்னு கேக்கா.”

ஆதித்யன் பழம்பொரியைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமல் நின்றான்.

“நீங்க சொன்னதத்தான் அவ பிடிச்சிட்டு இருக்கா, ஷாஜீ. ஒம்பது நாப்பதுக்கு அவனுக்க சத்தம் கேட்டுதுன்னு.”

“கேட்டுது சேச்சி,” ஷாஜியின் குரல் இறங்கியது. “எனக்க பிள்ளையாணெ கேட்டுது. மூணுன்னு. கடைசில ஒரு இழுப்பு இழுப்பான் பாருங்க, அதுவும் உண்டு. இவனும் கேட்டான்.”

ஆதித்யன் தலையாட்டினான்.

“ஆனா ஃபோன்ல கோடு தொட்டிப்பாலத்துல நிக்குது. ஒம்பது பதினாலுக்கு.” சைக்கிள் ஓடும் வழியைக் கோடாக வரைந்துகாட்டும் செயலியை அனூஜ் ஃபோனில் வைத்திருந்தான். ஆரஞ்சு நிறக் கோடு. அது தொட்டிப்பாலத்தின் நடுவில் நின்று, அதற்கு மேல் ஒரு புள்ளியாகவே இருந்தது. “பாலத்துலேருந்து நீங்க கடைசியா எண்ணின எடம் நாலு கிலோமீட்டர். அந்தக் கணக்கு எனக்கு வரல்ல. அம்மைக்கு வந்துட்டு. விழுந்த பெறவும் கூட்டுக்காரங்களுக்க கூட வந்திருக்கான்னு சொல்லுகா. ராத்திரி கெடக்கும்ப ஒண்ணு, ரெண்டுன்னு சொல்லிட்டு சும்மா கெடப்பா. நான் அடுத்த முறில, செவருக்கு இந்தப்பக்கம் கெடந்து அதக் கேக்கணும்.”

அவள் சாயாவை ஊதினாள். பிறகு அஜேஷைப் பார்த்து, முன்னால் பேசியதற்குச் சம்பந்தமில்லாததுபோல, “ஒனக்கு ஓர்மை உண்டா அஜேஷே, ரெண்டு வருஷம் முன்ன அவன் மஞ்சக்காமாலை வந்து பதினோரு நாள் கெடந்தான்?” என்றாள்.

“உண்டு.”

“அந்த மாசம் காலேஜ்ல அவனுக்கு தொண்ணூத்தாறு சதவீதம் ஹாஜர். ஓணத்துக்குப் பெறவு அவனுக்க மேசைய ஒதுக்கினப்ப அந்த வருகைச் சீட்டு கெடைச்சுது. எனக்கு சிரிப்பு வந்துது.” அவள் சிரிக்கவில்லை. கிளாஸை வைத்துவிட்டு வண்டிக்குப் போனாள்.

அஜேஷ் கையிலிருந்த சாயாவில் ஆடை கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அனூஜ் வேலை முடிந்து வகுப்புக்கு வந்து சேர எப்போதும் அரைமணி பிந்தும். முதல் மணியில் பெயர் வாசிக்கும்போது அஜேஷ் தலையைக் குனிந்து, மேசைக்கடியில் பேனா எடுப்பதுபோல, அனூஜின் மூக்குக் குரலில், கடைசி எழுத்தைத் தூக்கி, “பிரசன்ட் சாரே...” என்பான். மூன்று பெயர் தள்ளி தன் பெயர் வரும்போது தன் குரலில் சொல்வான். வாழ்க்கையில் அவன் தயங்காமல் செய்த ஒரே காரியம் அதுதான். “எனக்க சத்தம் என்கிட்ட இருக்கதவிட ஒன்கிட்ட பத்திரமா இருக்குலே,” என்பான் அனூஜ்.

பாறசாலையைத் தாண்டி ஒரு சர்ச்சுக்குப் பின்னால் சைக்கிள்களை இறக்கினார்கள். பொன்னுதாஸ் அண்ணன் வண்டியை இஞ்சிவிளைப் பக்கம் கொண்டுபோய் நிறுத்துவதாகச் சொல்லிவிட்டு, கிளம்புவதற்கு முன் பிரசீதாவிடம், “பைய போங்க டீச்சரே. அங்க போயி ஆருக்கும் மெடல் வாங்க வேண்டாம்,” என்றார். சொன்னபிறகு சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியதுபோல ஸ்டியரிங்கை ஒருமுறை தட்டினார்.

ஷாஜி வரிசை சொன்னான். “நான் ஒண்ணு. ஆதித்யன் ரெண்டு. சேச்சி...”

“நான் நாலு,” என்றாள் பிரசீதா. “மூணு ஆரும் விளிக்கண்டாம். நீ ரெண்டு கேட்டதும் பத்து எண்ணி காத்திரு. பெறவு நான் சொல்லியேன்.”

ஷாஜி விரலை மடக்கி எண்ணினான். “அப்ப அஜேஷ் அஞ்சு.”

கால்வாயில் முழங்கால் அளவு தண்ணீர் கிடந்தது. தேக்கிலைகள் ஊறிக் கறுத்து, தண்ணீரும் அதே நிறமாகியிருந்தது. ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியவில்லை. வெயில் மரங்களுக்கு மேலேயே நின்றது. ரப்பர் தோட்டத்தில் பால் பிடிக்கும் சிரட்டைகள் கவிழ்த்தபடி இருந்தன. அவனுக்கு முன்னால் பிரசீதா தட்டுத்தடுமாறிப் போனாள். இறக்கத்தில் அவள் மிதிப்பதை நிறுத்தும்போதெல்லாம் அந்தச் சக்கரம் பேசியது. டிக் டிக் டிக், ஒன்று விட்டு, டிக் டிக். ஒரு வருஷமாக அவன் கடையில் பெட்டி எண்ணும்போதும், பஸ் ஜன்னலிலும், தூக்கத்தின் ஓரத்திலும் கேட்ட சத்தம் இப்போது நிஜமாகவே இருபதடி முன்னால் போய்க்கொண்டிருந்தது. அவள் முதுகைப் பார்க்காமல் சக்கரத்தை மட்டும் பார்த்தால் ஓட்டுவது யார் என்று சொல்ல முடியாது. அவன் முதுகையே பார்த்து ஓட்டினான்.

“ஒண்ணு!” முன்னாலிருந்து ஷாஜி.

“ரெண்டு!”

பிறகு ஒன்றுமில்லை. நான்கு பேரும் மிதிப்பதை விட்டார்கள். டயருக்கடியில் சருகு நொறுங்கும் சத்தம் மட்டும். அஜேஷ் மனதுக்குள் எண்ணினான். ஆறு, ஏழு. தன் உதடுகள் ஒட்டி அந்த எழுத்துக்குத் தயாராகிவிட்டதை உணர்ந்து பல்லைக் கடித்தான்.

“நாலு,” என்றாள் பிரசீதா.

“அஞ்சு,” என்றான். அவன் குரல் அவனுக்கே வேறு யாருடையதோபோல் இருந்தது.

இரண்டாம் முறையும் அப்படித்தான். ஆனால் இம்முறை பத்து எண்ணும் நேரத்துக்கு மேல் அவள் மௌனமாக இருந்தாள். எல்லோரும் காத்திருந்தார்கள். எதற்குக் காத்திருக்கிறோம் என்று அஜேஷ் யோசித்தான். முன்னால் இருக்கும் இருவரும் குரல் கேட்டுவிடுமோ என்று பயந்திருப்பார்கள். கேட்காமல் போனாலும் அவர்களுக்குப் பயம்தான். கேட்டதாகச் சத்தியம் செய்தவர்கள் அவர்கள். அவன் ஒருவனுக்குத்தான் அந்தக் குரல் எங்கே இருக்கிறது என்று தெரியும். தெரிந்தும், ஏழாவது எண்ணில் அவன் உடம்பு புல்லரித்தது. ஒருவேளை கேட்டால்? தன் வாய் மூடியிருக்கும்போதே கேட்டுவிட்டால்?

ஒன்பது மணி தாண்டித் தொட்டிப்பாலம் வந்தது. பெரிய பாலமில்லை. கீழே ஒரு தாழ்ந்த வயல். அதன் குறுக்கே கால்வாயைத் தூக்கிக் கொண்டுபோகும் கான்கிரீட் தொட்டி. அதன் ஓரமாக இரண்டடி அகலத்துக்குப் பாவிய பலகைக்கல்தான் பாதை. கைப்பிடி கிடையாது. ஷாஜியும் ஆதித்யனும் இறங்கி சைக்கிளை உருட்டிக்கொண்டு கடந்து, அந்தப்பக்க வளைவில் மறைந்துவிட்டார்கள். பிரசீதா பாலத்தின் தொடக்கத்தில் நின்றாள். அஜேஷும் நின்றான்.

இங்கேதான் அனூஜ் சைக்கிளைச் சாய்த்துவைத்துக் குந்தியிருந்தான். “செயின் எறங்கிட்டு. நீ போ மக்கா, ரெண்டு நிமிஷத்துல வாறேன். ஷாஜி விளிச்சா எனக்கும் சேத்து சொல்லு. இல்லேன்னா எல்லாரயும் நிறுத்தி பிரசங்கம் வப்பான்.” கையெல்லாம் கிரீஸ். மூக்கு நுனியிலும் ஒரு பொட்டு. அஜேஷ் தாண்டிப் போனான். முதல் தடவை மூன்று சொன்னபோது சிரிப்பு வந்தது. இரண்டாம் தடவை திரும்பிப் பார்த்தான். மூன்றாம் தடவை பழக்கத்தில் சொன்னான். வண்டி நின்ற இடத்தில் மூன்று பேர்தான் போய்ச் சேர்ந்தார்கள். கடைசியாக எண்ணிய இடத்திலும் சத்தம் கேட்டதே, அப்படியானால் அதற்கு இப்பால்தான் எங்கோ விழுந்திருப்பான் என்று ஷாஜி அந்த ஒரு கிலோமீட்டர் கரையைக் குச்சியால் துழாவத் தொடங்கினான். அஜேஷும் குச்சி எடுத்துத் துழாவினான். அங்கே இல்லை என்று தெரிந்தே துழாவினான். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு புதராக நினைத்தான். அரைமணி நேரம் கழித்து, “கொஞ்சம் பொறத்த, வந்த வழியயும் போயி பாப்பமா,” என்று மட்டும் கேட்டான். அனூஜ் தனக்கு முன்னால் போய்விட்டதாக நினைத்தேன் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னான். ஆடு மேய்க்கும் ஒரு அம்மா பாலத்துக்கடியில் அனூஜின் தலையை மடியில் வைத்து, முந்தானையை நனைத்து உதட்டில் பிழிந்துகொண்டிருந்தாள். அப்போது உயிர் இருந்தது. ஆம்புலன்ஸ் உதியன்குளங்கரை தாண்டும்வரை இருந்தது.

“இங்கணயா?” என்றாள் பிரசீதா.

“நடுவுல. அந்த ஒடஞ்சு பொட்டின கல்லுக்கிட்ட.”

அவள் எட்டிப் பார்க்கவில்லை. சைக்கிளின் ஹேண்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பாமல் பேசினாள்.

“நான் ஒன்கிட்ட ஒண்ணும் கேக்க வரல்ல அஜேஷே. போலீசு கேக்கதெல்லாம் கேட்டாச்சு. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. இப்ப நான் வீட்டுக்குப் போவேன். அம்ம வாசல்ல நிப்பா. பதில் வந்துதான்னு கேப்பா. நான் என்னத்தச் சொல்லட்டு?”

அவன் பை தோளில் கனத்தது. நோட்டை எடுத்துக் கொடுத்துவிட்டால் போதும் என்று ஒரு கணம் தோன்றியது. அவள் வருவது தெரியாமலே நேற்று மாலை ஒரு பக்கம் முழுக்க எழுதிப் பார்த்திருந்தான், என்றைக்காவது சொல்வதானால் எப்படித் தொடங்குவது என்று. மூன்று விதமாக எழுதி மூன்றையும் அடித்திருந்தான். ஒவ்வொன்றிலும் தன்மேல் இரக்கம் வரவைக்கிற ஒரு வரி எப்படியோ வந்து சேர்ந்திருந்தது. அப்புறம் இன்னொன்று இருந்தது. அதை அவன் எழுதவில்லை. சொன்னால் அனூஜின் அம்மாவுக்கு மகன் இன்னொரு முறை சாவான். இம்முறை முழுதாக. சொல்லாவிட்டால் எள்ளும் தண்ணீரும் கிடைக்காமல், ஒவ்வொரு ராத்திரியும் அவள் இரண்டுக்குப் பிறகு விடும் அந்த இடைவெளியில் அனூஜ் நிற்க வேண்டும். அஜேஷின் வாயிலிருந்து வந்த குரலை அணிந்துகொண்டு.

“சேச்சி...” என்றான்.

“ஒண்ணு!” வளைவுக்கு அப்பாலிருந்து ஷாஜி கூவினான்.

“ரெண்டு!”

பிரசீதா திரும்பி அவனைப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இல்லை. வகுப்பில் பெயர் வாசித்துவிட்டுப் பதிலுக்காக நிமிர்ந்து பார்க்கிற முகம். அஜேஷ் குனியவில்லை. மேசையோ பேனாவோ இல்லை. அவள் கண்களுக்கு நேராக, வாயைத் திறந்து, மூக்கிலிருந்து எடுத்து, கடைசியில் ஒரு இழுப்பு இழுத்துத் தூக்கி, கூவினான்.

“மூணேய்!”

குரல் தொட்டிப்பாலத்தில் மோதி, தண்ணீரின்மேல் ஓடி, வயலுக்கு அந்தப்பக்கம்வரை போயிற்று. ஒரு கொக்கு எழுந்தது. பிரசீதாவின் கைகள் ஹேண்டிலை விட்டன. சைக்கிள் கரைச் சரிவில் கொஞ்சம் ஓடி, பக்கவாட்டில் சரிந்து விழுந்தது. அவள் அதைக் குனிந்து பார்க்கவில்லை. அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது இன்னும் திறந்துதான் இருந்தது.

வளைவுக்கு அப்பால் பிரேக் பிடிக்கும் கிறீச்சல் கேட்டது. ஏதோ கீழே விழுந்தது. ஆதித்யன் விசும்புவதுபோல ஒரு சத்தம் வந்து நின்றது.

“சேச்சி, நானாக்கும்,” என்றான் அஜேஷ், தன் குரலில். “அன்னைக்கும் நானாக்கும்.”

அவள் ஒரு கையைத் தூக்கினாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அந்தக் கையைத் தன் வாய்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.

அங்கிருந்து ஷாஜி மறுபடியும் கூவினான். கூவியது ஷாஜிதானா என்று சந்தேகம் வரும்படி நடுங்கிய குரல். எண்ணிக்கை பிசகினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அவன் வைத்த வழக்கம்தான்.

“ஒண்ணு.”

விழுந்துகிடந்த சைக்கிளின் பின்சக்கரம் ஆகாயத்தைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. டிக் டிக் டிக், ஒன்று விட்டு, டிக்.

“ரெண்டு.”

பிரசீதா வாயிலிருந்து கையை எடுக்கவில்லை. அஜேஷும் அசையவில்லை. சக்கரம் மெதுவாகிக்கொண்டே வந்தது. அடுத்த டிக்குக்கும் அதற்கடுத்த டிக்குக்கும் நடுவில் இடம் கூடிக்கொண்டே போக, இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.